பதினோராம் எண் குழாய்

"14.8.2018, செவ்வாய். காலை 9.50. எண் 11. கோமதி, வயது 23, முதல் கர்ப்பம், 31ஆம் வாரம். ஹீமோகுளோபின் 6.9. சுழற்றிய பிறகு மேல்நீர் இளஞ்சிவப்பு. என் கைத்தவறாக இருக்கலாம். மறுபடி எடுக்கவும்."

இது என் சொந்தக் குறிப்பேட்டில் உள்ள பதிவு. ஆய்வகப் பதிவேட்டில் அன்று நான் எழுதியது "6.9, மறுபரிசோதனை" என்ற இரண்டு சொல் மட்டுமே. பதிவேட்டில் அதற்கு மேல் எழுத இடம் கிடையாது. அதனால்தான் பணியில் சேர்ந்த நாள் முதல் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன்.

போன மாதம் நந்தினி வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெற்ற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது ஆய்வக நுட்புநராக இருப்பவர் அவர். கையில் ஒரு துண்டறிக்கையின் மாதிரிப் படி. "கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய உணவுகள்" என்று தலைப்பு. செவ்வாய்க்கிழமை வரும் பெண்களுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். பிழை பார்த்துத் தரச் சொன்னார். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, சரியாக வேகாத கறி, பப்பாளிக் காய், கழுவாத கீரை, முதல் நாள் சோறு, மது, இரும்புச்சத்து மாத்திரை போட்டவுடன் குடிக்கும் டீ என்று பதினாறு வரிகள். எழுத்துப் பிழை இரண்டுதான் இருந்தது. திருத்திக் கொடுத்தேன். பட்டியலில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் போன பிறகு 2018 நோட்டைத் தேடி எடுத்தேன். துண்டறிக்கையில் என்ன குறைகிறது என்று நந்தினி கேட்டிருந்தார். வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. வேலூரில் ஓராண்டுப் பயிற்சி. 1987இல் பெரணமல்லூர்ப் பக்கம் முதல் வேலை. அங்கே ஆறு வருடம் மலேரியாக் கண்ணாடித் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு இடம் மாறி, ஆரணியை ஒட்டிய இந்த நிலையத்துக்கு வந்து, 2022 மே மாதம் இங்கேயே ஓய்வு பெற்றேன். ஆய்வகத்தில் இருப்பவன் மனிதர்களை அதிகம் பார்ப்பதில்லை. கையை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். மீதி நேரமெல்லாம் எண் ஒட்டிய குழாய்கள்தான்.

உணவைப் பற்றி ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்பதை நான் கற்றுக்கொண்டது டாக்டர் வத்சலாவிடம். 2013இல் எங்கள் நிலையத்துக்கு மருத்துவ அலுவலராக வந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். குரல் உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். வந்த மறு வருடம் கண்ணமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் வளைகாப்புக்குப் போய் வந்த மூன்று கர்ப்பிணிகள் ஒரே மாலையில் வாந்தியும் பேதியுமாக வந்தார்கள். கூட வந்தவர்கள் புளிசாதத்தில் கடலைப்பருப்பு அதிகம் என்றார்கள், திருஷ்டி என்றார்கள், பாயசத்தில் அன்னாசிப்பழம் போட்டிருந்தார்கள் என்றார்கள். டாக்டர் எதையும் மறுக்கவில்லை. தயிர்சாதம் எத்தனை மணிக்குப் பிசைந்தது, எதில் வைத்தது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று மட்டும் கேட்டார். விடியற்காலை ஐந்து மணிக்குச் சூடாகப் பிசைந்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மதியம் இரண்டரைக்குப் பரிமாறியிருந்தார்கள். இரண்டு பேர் மறுநாள் வீடு திரும்பினார்கள். ஒருவருக்கு ஐந்து நாள் ஆனது. வலி எடுத்துவிடுமோ என்று ஐந்து நாளும் எல்லோரும் பயந்தபடியே இருந்தோம். "என்ன சாப்பிட்டாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. எத்தனை மணின்னு கேளுங்க," என்றார் என்னிடம். அதையும் நோட்டில் எழுதி வைத்தேன். எழுதி வைத்தேனே தவிர கற்றுக்கொள்ளவில்லை என்பது நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது.

கோமதிக்குத் தேவிகாபுரம் பக்கம் தாய்வீடு. கணவர் தரணி பட்டு நெசவு. வீட்டில் இரண்டு கைத்தறி. ஒன்றில் தரணியும் மற்றதில் அவருடைய தம்பியும் உட்காருவார்கள். மாமியார் ராஜம்மா, ஐம்பது வயது, வீட்டையும் தறியையும் ஒன்றாக நடத்துகிறவர். ஜூன் 26ஆம் தேதி கோமதியின் ஹீமோகுளோபின் அளவு 9.4; பதினொன்றாவது இருக்க வேண்டும். ஜூலை 24ஆம் தேதி 8.6. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு ஏறியிருக்க வேண்டும், குறைந்திருந்தது.

அந்த ஜூலை 24ஐ நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

வரிசையில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கிராம சுகாதார செவிலியர் சகுந்தலா சிஸ்டர் கதவருகே நின்றிருந்தார். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் நீளம். "இவ மாத்திரைய சாக்கடைல போட்டுகினு கீறா சார், வேற ஒண்ணும் இல்ல," என்றார். கோமதி இல்லை என்று தலையாட்டினாள். உடனே ராஜம்மா வேறொரு குற்றச்சாட்டை எடுத்தார்.

"மாத்திரை துன்றா சார். அது இல்ல பேஜாரு. பச்சரிசி டின்னத் தொறந்தா இவ கை உள்ள கீது. மாவரைக்க வெச்சா கால் படி காணோம்."

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, என் வேலை இரத்தம் எடுப்பதும் எண் எழுதுவதும்தான் என்பதை மறந்து, இப்படிச் சொன்னேன்:

"பச்சரிசி துன்னா ரத்தம் எப்படிம்மா ஏறும்? டின்னப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கங்க."

மறுபடியும் சிரிப்பு. கோமதி கையில் பஞ்சை அழுத்தியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜம்மா அன்றே டின்னைப் பூட்டினார். பூட்டியதை அடுத்த வாரம் சகுந்தலா சிஸ்டரிடம் பெருமையாகவும் சொன்னார். சிஸ்டரும் தன் பங்குக்குப் பட்டியல் ஒன்றை ஒப்பித்துவிட்டு வந்தார். பப்பாளி கூடாது, எள் கூடாது, அன்னாசி கூடாது, சாம்பல் கூடாது, விபூதி கூடாது, பல்பம் கூடாது.

இனி ஆகஸ்ட் 14.

9.20க்கு இரத்தம் எடுத்தேன். 9.50க்கு அளவு 6.9 என்று வந்தது. மூன்று வாரத்தில் இவ்வளவு இறங்கியது நம்பும்படி இல்லை. குழாயைச் சுழலியில் வைத்து எடுத்தேன். சிவப்பணுக்கள் அடியில் தங்கி மேலே தெளிந்த நீர் நிற்கும். அது வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். கோமதியின் குழாயில் ரோஜாப்பூ ஊறவைத்த தண்ணீரைப் போல இருந்தது.

இதைப் பார்த்தவுடன் எந்த நுட்புநரும் தன்னைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஊசி மெல்லியதாக இருந்து வேகமாக இழுத்தாலோ, ஊசியில் ஈரம் இருந்தாலோ, குழாயில் பீய்ச்சி அடித்தாலோ, கையிலேயே அணுக்கள் உடைந்து மேல்நீர் சிவக்கும். உடலுக்குள் உடைந்ததா என் கையில் உடைந்ததா என்று குழாயை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே கோமதியை மறுபடி கூப்பிட்டேன்.

"கீறதே கொஞ்சம்னு சொல்றீங்க. அதையும் எடுத்துகினே கீறீங்களே சார்," என்றாள். சிரிக்க முயன்றாள். அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளைப் பகுதி லேசான மஞ்சள்.

இந்த முறை மற்றக் கை. கட்டிய ரப்பரை நரம்பு தெரிந்ததும் தளர்த்தினேன். தடித்த ஊசி. இழுக்காமல் தானாக வருவதற்குக் காத்திருந்தேன். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயைச் சாய்த்து, கண்ணாடிச் சுவரோடு வழியவிட்டேன். இதற்கு வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆனது. அதே சுழலியில் பக்கத்திலேயே பன்னிரண்டாம் எண்ணையும் வைத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. 10.25க்கு இரண்டையும் எடுத்து ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தேன். பன்னிரண்டு வைக்கோல் நிறம். பதினொன்று ரோஜா நிறம், முன்னதைவிட ஒரு சாயல் கூடுதலாக.

குழாயோடு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் வாங்கி, சன்னல் பக்கம் திருப்பி, "உங்க கையா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவையும் இதேதான் மேடம். பக்கத்துக் குழாய் சரியா இருக்கு."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. சிறுநீர் பார்க்கச் சொன்னார். கோமதி கொண்டுவந்த டப்பாவில் பால் சேர்க்காத காப்பியைப் போன்ற நிறம். சோதனைப் பட்டையில் இரத்தம் இருப்பதாகக் காட்டியது. ஆனால் அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு சிவப்பணுகூட இல்லை. மூன்று முறை தகடு மாற்றிப் பார்த்தேன். அணுக்கள் இல்லாமல் அவற்றின் நிறம் மட்டும் இறங்கி வருகிறது. உடலுக்குள்தான் உடைந்துகொண்டிருந்தன. தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். மணி 10.45.

இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. மலேரியாத் தகடு சுத்தம். குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 164 என்றார் சகுந்தலா சிஸ்டர், முதன்முறையாகத் தணிந்த குரலில். டாக்டர் 108க்குச் சொல்லச் சொன்னார். வேலூருக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. வண்டி வேறு ஊரில் இருந்தது. வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். மறுநாள் சுதந்திர தினம். "காரணம் தெரியாம அனுப்பினா அங்க முதல்லேர்ந்து தேடணும். தேட அவளுக்கு நேரம் இருக்கான்னு தெரியல," என்றார் டாக்டர். அந்த ஒரு மணி நேரத்தை அவர் எப்படிச் செலவிட்டார் என்பதைத்தான் நந்தினிக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், கூட வந்திருந்த ராஜம்மாவை வெளியே அனுப்பினார். மகனுக்குப் போன் போட்டு உடனே வரச் சொல்லுங்கள், வாசலில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்றார். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலியை விட்டு எழுந்து, ஸ்டூலை இழுத்து, கட்டிலில் சாய்ந்திருந்த கோமதியின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு தாளில் மேலிருந்து கீழாக மணிகளை எழுதினார். முந்தின நாள் காலை ஐந்தில் தொடங்கி அன்று காலை ஒன்பது வரை. ஒவ்வொரு மணிக்கும் எதிரே காலி இடம். நான் பதிவேட்டோடு சுவரோரம் நின்றேன்.

மாத்திரையில் தொடங்கினார். போடுகிறாயா என்று கேட்கவில்லை. மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டார். கறுப்பு என்றாள். டாக்டர் சகுந்தலா சிஸ்டரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சிஸ்டர் சுவரில் இருந்த அட்டவணையைப் படிக்கத் தொடங்கினார்.

பிறகு மணி மணியாக. ஐந்துக்கு என்ன, ஆறுக்கு என்ன. காப்பி. எட்டரைக்கு இட்லி, மூன்று. பதினொன்றுக்கு மோர். ஒவ்வொன்றுக்கும் யார் செய்தது, எதில் வைத்தது, எப்போது செய்தது. நாட்டு மருந்து, கஷாயம், யாராவது கொடுத்த பொடி, லேகியம் உண்டா என்று கேட்டார். இல்லை. அவரைக்காய்ப் பொரியல், சோறு, ரசம். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஒன்றும் இல்லை என்றாள். டாக்டர் அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை, அடுத்த மணிக்கும் போகவில்லை. பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் எனக்கு எதிரே இருந்தது. 11.08 முதல் 11.11 வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை. எனக்குப் பொறுமை போனது. வண்டி வரும் வரைக்கும் இப்படியே உட்கார்ந்திருப்பாரா என்றுகூட நினைத்தேன்.

பிறகு டாக்டர் சொன்னார்: "சாப்பிட்டத விடு கோமதி. அந்த நேரத்துல வாயில போட்டது என்ன? திட்டமாட்டேன். உங்க அத்தைகிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இருப்பதால் தயங்குகிறாள் என்று புரிந்தது. வெளியே போகத் திரும்பினேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

"டின்னு பூட்டிட்டாங்க இல்ல மேடம். அதான் கஞ்சி ஏடு துன்னேன்."

டாக்டர் வெளியூர்க்காரர். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாட்டு நூலான பாவைத் தெருவில் விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி விறைப்பேற்றுவார்கள். விடியற்காலையில் நடக்கும் வேலை. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் சில தெருக்களில் வண்டி போக முடியாது. தடவியது போக அண்டாவில் மிஞ்சிய கஞ்சி ஓரத்தில் காய்ந்து, அப்பளம் போல ஏடு ஏடாக உரிந்து வரும். கடித்தால் மொறுமொறுவென்று, பச்சரிசியின் மாவு மணத்தோடு இருக்கும். அதை அவள் உரித்து, தன் வளையல் டப்பாவில் போட்டு வைத்து, மாமியார் படுத்திருக்கும் மதிய நேரத்தில் தின்றுகொண்டிருந்தாள். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். டின் பூட்டியதிலிருந்து என்றாள். எவ்வளவு என்றதற்கு, முதலில் ஓர் ஏடு, இப்போது ஒரு கை என்றாள்.

பாவுக்கஞ்சி என்றால் என்ன என்று நான் டாக்டருக்கு விளக்கினேன். அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பு தணிந்தது. "அரிசிதானே," என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். வெறும் அரிசிக் கஞ்சி. ஒரு வழி திறந்தது போலத் தெரிந்து மூடிக்கொண்டது. மணி 11.20. கோமதி ஒரு முறை வாந்தி எடுத்தாள். குழந்தையின் துடிப்பு 170.

தரணி 11.35க்கு வந்தார். தறிக் குழியிலிருந்து எழுந்து அப்படியே வண்டியை எடுத்து வந்திருக்கிறார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. டாக்டர் அவரை வராந்தாவில் நிறுத்தி, கஞ்சியில் அரிசியைத் தவிர வேறு என்ன போடுவீர்கள் என்று கேட்டார். மனைவியைப் பற்றிக் கேட்காமல் கஞ்சியைப் பற்றிக் கேட்டதில் அவர் குழம்பிப்போனார்.

"அரிசி, கொஞ்சம் நல்லெண்ண. அவ்ளோதாங்க." கொஞ்சம் யோசித்தார். "போன வருசம் மழைல ஒரு பாவு முழுக்க பூஞ்ச புடிச்சிடுச்சிங்க. இந்த வாட்டி ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் கீது. அதான் கஞ்சில கொஞ்சம் மயில்துத்தம் கலந்துகினு கீறேன்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சியில் துத்தம் கலக்கும் வழக்கம் எங்கள் ஊரில் வேறு யாரிடமும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. பிறகு பத்து வீடுகளில் விசாரித்தேன். பத்து வீட்டிலும் இல்லை என்றே சொன்னார்கள். இது தரணி தானாகக் கண்டுபிடித்த வழி. வயலுக்கு மருந்தடிக்கும் உறவினர் ஒருவர், செடியில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் நூலிலும் தடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

மயில்துத்தம், செம்பு கலந்த நீல உப்பு, எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள். இரத்த தான முகாம்களில் அதன் நீலக் கரைசலில் ஒரு துளி இரத்தத்தை விட்டுப் பார்ப்போம். துளி மூழ்கினால் கொடுப்பவருக்கு இரத்தம் போதும். அந்தக் கரைசல் பாட்டிலின் மேல் நானே சிவப்பு மையால் "விஷம்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். உள்ளே போனால் வாந்தி வரும், அளவு கூடினால் சிவப்பணுக்களை உடைக்கும் என்று பயிற்சியில் படித்த ஒரு வரி முப்பது வருடத்துக்கு மேல் எங்கோ கிடந்து அந்த வராந்தாவில் நினைவுக்கு வந்தது. டாக்டருக்கு எனக்கு முன்பே வந்திருந்தது. அவர் அறைக்குள் போய்விட்டார். வேலூரில் பணியில் இருந்த மருத்துவரோடு போனில் பேசுவது கேட்டது.

தரணி என்னிடம் திரும்பினார். "அது பாவுக்குங்க சார். துன்றதுக்கா வெச்சிகினு கீறோம்? யாருனா அத துன்னுவாங்களா?" என்றார். சரியான கேள்விதான். அது உணவு இல்லை. அதனால் தின்னாதே என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாங்கள் சொன்ன எல்லாக் "கூடாது"களையும் அவள் கேட்டு நடந்திருந்தாள்.

வண்டி 12.10க்கு வந்தது. ராஜம்மாவுக்கு அப்போது விஷயம் தெரிந்துவிட்டது. டாக்டர் சொல்லவில்லை, வராந்தாவில் தரணி பேசியதைக் கேட்டிருந்தார். மருமகளைத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கோமதியின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சகுந்தலா சிஸ்டரும் கூடப் போனார்.

வண்டி போனபிறகு நான் டாக்டரிடம் போய், டின்னைப் பூட்டச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் பரிந்துரைச் சீட்டின் நகலில் எழுதிக்கொண்டிருந்தார்.

"பச்சரிசி தின்னதால ரத்தம் குறையல. ரத்தம் குறைஞ்சதாலதான் பச்சரிசி கேக்குது. அது அறிகுறி. நீங்க அறிகுறியப் பூட்டிட்டீங்க." பேனாவை மூடினார். "நீங்க சொன்ன தேதி என்ன?"

"ஜூலை இருபத்து நாலு மேடம்."

"அதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க. அங்க இருக்கறவங்களுக்கு எத்தனை நாளா உள்ள போகுதுன்னு தெரியணும்."

எழுதினேன். "24.7 அன்று ஆய்வக நுட்புநரின் அறிவுரையின்பேரில் வீட்டில் பச்சரிசி பூட்டப்பட்டது. அன்று முதல் பாவுக்கஞ்சி ஏடு." என் பெயர், கையெழுத்து, நேரம் 12.40. அதைப் போட்டோ எடுத்து சகுந்தலா சிஸ்டரின் போனுக்கு அனுப்பினேன். வண்டி கண்ணமங்கலத்தைத் தாண்டியிருக்கும்.

அன்று பிற்பகலும் மறுநாள் முழுவதும் தகவல் வரவில்லை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நான் ஆய்வகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செய்ய ஒன்றும் இல்லாமல், பழைய பதிவேட்டில் பச்சரிசி தின்பதாகச் சொன்ன பெண்களை எண்ணிப் பார்க்க முயன்றேன். பதிவேட்டில் அதற்கு இடம் இல்லை என்பதால் எண்ண முடியவில்லை. நோட்டில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரிடமும் நான் கேலியாக ஏதோ சொல்லியிருந்தேன்.

16ஆம் தேதி காலை சகுந்தலா சிஸ்டர் போன் செய்தார். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், சிறுநீரின் நிறம் தெளிந்துகொண்டு வருகிறது, குழந்தைக்குத் துடிப்பு சரியாகிவிட்டது என்றார். "சார், அவ மாத்திரைய சாக்கடைல போட்றான்னு சொன்னனே," என்று தொடங்கி முடிக்காமல் வைத்துவிட்டார். கோமதி பதினோரு நாள் வேலூரில் இருந்தாள். அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் நிலையத்துக்கு வராமல் அங்கேயே பிரசவம். பெண், இரண்டு கிலோ முந்நூறு கிராம்.

செப்டம்பரிலிருந்து டாக்டர் ஒரு புதிய பழக்கத்தைக் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளின் அட்டையில், என்ன சாப்பிடுகிறார் என்பதற்குக் கீழே, பென்சிலால் ஒரு வரி: "வேறு என்ன வாயில் போடத் தோன்றுகிறது?" கூட வந்தவர்களை வெளியே அனுப்பிய பிறகுதான் அதைக் கேட்க வேண்டும். பதிலைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. நான் ஓய்வு பெறும் வரை அந்த வரிக்குக் கிடைத்த பதில்களில் அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், பல்பம், ஈர மண், ஐஸ் கட்டி, ஒரு முறை சோப்பு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் இரத்தம் குறைவு என்பதற்கான முன்னறிவிப்பு. சில பொருள்கள் தம்மளவிலேயே ஆபத்து. நந்தினி, உங்கள் துண்டறிக்கையில் பதினேழாவதாக ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியைக் கீழே அச்சிடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி: பூட்டாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது முழுவதும் நிரூபணமான கதையாகத் தோன்றிவிடும்.

சகுந்தலா சிஸ்டர் 17ஆம் தேதி வீட்டுக்குப் போய் வளையல் டப்பாவை வாங்கி வந்தார். உள்ளே ஒன்பது ஏடுகள். ஓரங்களில் நீலம் தெரிவதாக எனக்குப் பட்டது. சிஸ்டர் வெறும் வெள்ளை என்றார். அமோனியா விட்டுப் பார்க்க என் கை துடித்தது. செம்பு இருந்தால் ஆழ்ந்த நீலமாக மாறும். நம்முடையது இரத்தம் பார்க்கும் ஆய்வகம், உடைக்காமல் அனுப்புங்கள் என்றார் டாக்டர். முத்திரையிட்டு, உணவுப் பொருள்களை ஆயும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஓர் ஏட்டை நான் எடுத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. அனுப்பப்பட்ட மாதிரி உணவுப் பொருள் அல்ல என்பதால் ஆய்வுக்கு ஏற்க இயலவில்லை என்று ஒரே வரி. டப்பா திரும்பி வரவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டேன்.

அண்டாவுக்கு எவ்வளவு துத்தம் போட்டார் என்று தரணியிடம் கேட்டதற்கு ஒரு சிட்டிகை என்றார். ராஜம்மா தனியாகச் சொன்னது அரைக் கொட்டாங்குச்சி. மீதிப் பொட்டலத்தை அன்றே ஏரியில் போட்டுவிட்டார்கள். மீன் செத்ததா என்று தெரியாது. கோமதிக்குப் பிறவியிலேயே அணுக்கள் எளிதில் உடையும் தன்மை இருந்திருக்கலாம் என்று டாக்டரே பிறகு ஒரு முறை சொன்னார்; அதற்கான பரிசோதனை செய்ததாகச் சீட்டில் இல்லை. அவள் இரத்தத்தில் செம்பின் அளவைப் பார்த்தார்களா என்பதும் இல்லை. வேலூரில் கொடுத்த சீட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் யாரோ ஓர் இளம் மருத்துவர், அழகான கையெழுத்தில், "மயில்துத்தம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விக்குறியை அடிக்க என்னிடம் இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை.